மலையேறும் வண்டிக்குக் குளிர்ந்த காற்று

மும்பையிலிருந்து புணேக்குச் செல்லும் பழைய சாலையில், கோப்போலி என்னும் ஊரைக் கடந்ததும் மலை எதிரே வந்து நிற்கிறது. அங்கிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள கண்டாலா, லோணாவளா ஊர்களை எட்டும்வரை வண்டிகளுக்கு ஓய்வில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகல் வேளையில் அந்த ஏற்றத்தில் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். சுமையேற்றிய சிறு வண்டி ஒன்று மூச்சுத் திணறி ஊர்ந்து வரும். அதன் பின்னே கரும்புகை சுருண்டு எழும். வளைவு ஒன்றின் ஓரமாக அதை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இறங்கி, முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நிற்பார்.

அப்படி நின்றவர்களில் நம் அன்பர் ஒருவரும் உண்டு. நெல்லைச் சீமையில் பிறந்து, புணேயில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவர். கலம்போலியில் உள்ள இரும்புச் சந்தையிலிருந்து கம்பிகளையும் பட்டைகளையும் ஏற்றிவந்து, புணேயின் சிறு பட்டறைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். கடன் வாங்கி வாங்கிய பிக்கப் வண்டி ஒன்றுதான் அவருடைய முதல். அந்த வண்டி ஒரு நாள் நின்றால் வீட்டில் அன்றைய வரவு நின்றுவிடும். என்ஜின் பழுதுபட்டுத் தலையைத் திறக்க வேண்டி வந்தால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தின்மேல் கை வைக்க நேரும். பிற மாநிலங்களில் சிறு வண்டியை நம்பிப் பிழைக்கும் தமிழர்கள் பலர்க்கும் இதே நிலைதான். ஆகவே, அவர் தமது வண்டிக்குக் குறைந்த செலவில் ஓர் இன்டர்கூலர் பொருத்திய வரலாற்றை இன்று எடுத்துச் சொன்னால், அது வேறு சிலர்க்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

முதலில் டர்போ என்பது என்ன என்று பார்ப்போம். டீசல் என்ஜின் ஒவ்வொரு மூச்சிலும் காற்றை உள்ளிழுத்து, அதை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பாய்ச்சி எரிக்கிறது. ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிவதற்கு ஏறத்தாழ பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய வேண்டுமானால் நடைமுறையில் அதைவிடவும் மிகுதியான காற்று தேவை. காற்றுப் போதாமல் டீசல் மட்டும் மிகுந்தால், எரியாத கரி புகையாக வெளியேறும். கண்டாலா ஏற்றத்தில் நாம் காணும் கரும்புகை அதுவே. அது காசு கொடுத்து வாங்கிய எண்ணெய், வேலை செய்யாமல் வெளியேறும் காட்சி.

என்ஜினுக்குள் மிகுதியான காற்றைத் திணிக்க ஒரு வழி கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழலச் செய்து, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தலாம் என்பது அவர் கருத்து. 1905-ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது நடைமுறையில் வெற்றி காண இருபது ஆண்டுகள் பிடித்தன. 1925-இல் கப்பல் என்ஜின்களில் அதைப் பொருத்தியபோது அவற்றின் ஆற்றல் 40 விழுக்காட்டிற்கும் மேல் உயர்ந்தது. இன்று நம் பிக்கப் வண்டியில் உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கும் அந்தச் சக்கரம், ஏற்றத்தில் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது.

இந்த நன்மையோடு ஒரு தொல்லையும் சேர்ந்தே வருகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவர் யாவரும் அதை அறிவர். பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும் என்பது இயற்கை. டர்போவிலும் அதுவே நிகழ்கிறது. வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும் நாளில், டர்போ காற்றை வெளியழுத்தத்தைப் போல் 1.7 மடங்காக அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போவை விட்டு வெளிவரும் காற்றின் சூடு அப்போது ஏறத்தாழ 110 டிகிரியாக இருக்கும். கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடான காற்றை என்ஜின் உள்ளிழுக்கிறது என்பது இதன் பொருள்.

சூடான காற்று விரிந்து நிற்கும். ஒரு லிட்டர் சூடான காற்றில் உள்ள காற்றின் எடை, ஒரு லிட்டர் குளிர்ந்த காற்றில் உள்ளதைவிடக் குறைவு. மேலே சொன்ன கணக்கில், 1.7 மடங்கு அழுத்தியும் என்ஜினுக்குக் கிடைக்கும் காற்று எடையளவில் சுமார் 1.4 மடங்குதான். எஞ்சியதைச் சூடு விழுங்கிவிட்டது. இந்த இழப்பை மீட்க வைத்ததே இன்டர்கூலர். தமிழில் இதை இடைக்குளிர்விப்பான் எனலாம். எந்த மாநிலத்துப் பட்டறையிலும் இன்டர்கூலர் என்றே சொல்வதால் நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இன்டர்கூலர் பார்ப்பதற்கு ரேடியேட்டரைப் போலவே இருக்கும். ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடுகிறது. இதற்குள் டர்போவிலிருந்து வரும் சூடான காற்று ஓடுகிறது. வண்டி முன்னேறும்போது எதிரே வரும் வெளிக்காற்று இதன் மெல்லிய அலுமினியத் தகடுகளின் இடையே புகுந்து சூட்டை வாங்கிச் செல்கிறது. சுமாரான ஓர் இன்டர்கூலர் 110 டிகிரிக் காற்றைச் சற்றேறக்குறைய 60 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் என்ஜினுக்குச் சேரும் காற்று 15 விழுக்காடு மிகுகிறது. குழாய்களிலும் தகடுகளிலும் புகுந்து வருவதால் அழுத்தத்தில் சிறிது குறையும்; அதைக் கழித்தாலும் 10 விழுக்காடு நிற்கும். இதற்கு எண்ணெய்ச் செலவு இல்லை. அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை.

இங்கே நேயர்கள் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். டீசல் என்ஜினின் ஆற்றலைத் தீர்மானிப்பது பாய்ச்சும் டீசலின் அளவு. காற்று மட்டும் மிகுந்தால் ஆற்றல் பெரிதாக உயர்ந்துவிடாது. முன்பு புகையாகப் போன எண்ணெய் ஓரளவு எரிவதால் இழுவை சற்றுக் கூடலாம், அவ்வளவே. அப்படியானால் இன்டர்கூலரால் என்ன பயன்? அதே அளவு டீசல் மிகுதியான, குளிர்ந்த காற்றில் எரிவதால் என்ஜினுக்குள் வெப்பம் தணிகிறது. வெளியேறும் புகையின் சூடு குறைகிறது. பிஸ்டன், வால்வு, தலைக்கட்டு, டர்போ ஆகியவற்றின் ஆயுள் நீள்கிறது. நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்: மலிவான இன்டர்கூலர் என்ஜினைக் காப்பதற்காகப் பொருத்தத் தக்கது, வேகத்திற்காகப் பொருத்தினால் அதே கருவி என்ஜினைக் கெடுக்கும் வழியைத் திறந்துவிடும்.

இதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு சான்று உண்டு. அங்கே 1989-ஆம் ஆண்டு மாதிரியாக டாட்ஜ் பிக்கப் வண்டியில் கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் டீசல் என்ஜினைப் பொருத்தி விற்றார்கள். அதற்கு டர்போ உண்டு, இன்டர்கூலர் இல்லை. குதிரைத்திறன் 160. 1991-ஆம் ஆண்டின் நடுவில் அதே என்ஜினுக்கு இன்டர்கூலர் சேர்த்தார்கள். அப்போதும் குதிரைத்திறன் 160 என்றே குறித்தார்கள். புகையின் தன்மையைச் சீர்செய்து, காற்று மாசு பற்றிய சட்டத்துக்கு இணங்குவதற்காகச் செய்த மாற்றம் அது. இந்த வகை என்ஜின் நமக்கும் அந்நியமன்று. 1993-இல் தோன்றிய டாட்டா கம்மின்ஸ் நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே குடும்பத்து என்ஜின்களைச் செய்தது. நம் நாட்டு லாரிகளின் என்ஜின் பெயர்களில் டி.சி. என்றும் டி.சி.ஐ.சி. என்றும் எழுத்துகள் இருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். முன்னது டர்போ மட்டும் உள்ளது. பின்னது டர்போவோடு இன்டர்கூலரும் உள்ளது.

இனி நம் அன்பரிடம் வருவோம். அவருடைய வண்டி டர்போ உடையது, இன்டர்கூலர் இல்லாதது. டீசல் பம்பும் பழைய இயந்திர முறையில் அமைந்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு கிடையாது. ஒன்றேகால் டன் இரும்போடு ஏற்றம் ஏறும்போது மூன்றாம் கியரில் இழுக்காது. இரண்டாம் கியரில் புகையும். ஒருமுறை தலைக்கட்டின் கேஸ்கெட் போய்விட்டது. இரண்டாம் முறையும் போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் அவர் நம்மிடம் வந்தார்.

"அண்ணாச்சி, புது வண்டி வாங்கக் கையில் காசு இல்லை. இன்டர்கூலர் ஒன்று பொருத்தினால் நல்லது என்று பட்டறையில் சொல்கிறார்கள். பொருத்தலாமா?" என்று கேட்டார்.

பொருத்துவதற்குமுன் இரண்டு காரியங்கள் செய்யச் சொன்னோம். முதலாவது, காற்று வடிகட்டியைப் பார்ப்பது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் டர்போ பொருத்திய டீசல் கார் ஒன்று ஓடியது. ஃப்ரெட் அகபாஷியன் என்பவர் ஓட்டினார். தகுதிச் சுற்றில் யாவரையும் வென்று முதலிடத்திலிருந்து புறப்பட்டார். ஆனால் 200 சுற்றுகள் கொண்ட அப் பந்தயத்தில் 71 சுற்றோடு அந்தக் கார் நின்றுவிட்டது. பந்தயப் பாதையில் உதிர்ந்த டயர் ரப்பர்த் துகள்கள் டர்போவின் காற்று நுழைவாயிலை அடைத்துவிட்டதே காரணம். உலகத்தில் சிறந்த என்ஜினேயானாலும் மூச்சு அடைபட்டால் நிற்கத்தான் வேண்டும். நம் அன்பரின் வடிகட்டியைக் கழற்றித் தட்டியபோது கலம்போலிச் சந்தையின் இரும்புத் தூசு ஒரு பிடி விழுந்தது. புது வடிகட்டி போட்டதும் புகை கொஞ்சம் குறைந்தது.

இரண்டாவது காரியம், அளப்பது. டர்போவுக்குள் நுழையும் புகையின் சூட்டைக் காட்டும் கேஜ் ஒன்றை வாங்கிப் பொருத்தச் சொன்னோம். டர்போவுக்கு முன்னே, புகைக் குழாயில் சிறு துளையிட்டு, வெப்பம் உணரும் முள் ஒன்றைச் செருகி, அதன் கம்பியை ஓட்டுநர் முன்னே உள்ள கேஜுக்குக் கொண்டுவர வேண்டும். துளையிடும் இரும்புப் பொடி டர்போவின் சக்கரத்தில் விழாதவாறு குழாயைக் கழற்றித் துளையிடுவதே முறை. இன்டர்கூலருக்கு ஒதுக்கிய பணத்தில் கேஜுக்கும் பங்கு கொடுக்க அவர் முதலில் தயங்கினார். அளக்காமல் செய்யும் மாற்றம் நன்மையா தீமையா என்று எவ்வாறு அறிவது என்று கேட்டோம், இசைந்தார். கேஜைப் பொருத்தி, வழக்கமான சுமையோடு கண்டாலா ஏற்றத்தில் நாமும் உடன் சென்று பார்த்தோம். புகையின் சூடு 710 டிகிரி. இடைவிடாமல் 700 டிகிரிக்கு மேல் ஓட்டுவது நல்லதன்று என்பது இத் தொழிலறிந்தோர் பொதுவாகக் கொள்ளும் எச்சரிக்கை. அலுமினியம் உருகும் சூடு 660 டிகிரி. பிஸ்டன் உருகாமல் நிற்பது, எண்ணெயும் சிலிண்டர்ச் சுவரும் அதன் சூட்டை ஓயாமல் வாங்கிக்கொண்டிருப்பதால் மட்டுமே.

அதன்பின் இன்டர்கூலர் தேடப் புறப்பட்டார். தில்லியில் இருப்பவர்க்கு மாயாபுரி, கொல்கத்தாவில் இருப்பவர்க்கு மல்லிக் பஜார், மும்பைப் பக்கத்தவர்க்குக் குர்லா, சென்னைக்கு நம் புதுப்பேட்டை என்று பழைய வண்டிச் சாமான் கிடைக்கும் இடங்கள் பெருநகர் தோறும் உண்டு. அங்கே வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். தகடுகள் நசுங்காமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரு வாய்களில் ஒன்றை அடைத்து, மற்றொன்றின் வழியே மெல்லக் காற்று ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் துகளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். டர்போ உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய இன்டர்கூலரில் சக்கரத்தின் சிதறல்கள் தங்கியிருக்கக்கூடும்; அவை நம் என்ஜினுக்குள் போனால் கதை முடிந்தது. ஆகவே மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிப் பலமுறை கழுவி, சோப்புத் தண்ணீரால் அலசி, முற்றும் உலர்த்தியபின்தான் பொருத்த வேண்டும். கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்குவதும் அவசியம். திருட்டுச் சாமான் என்று பின்னால் தெரியவந்தால், அயலூரில் வழக்கோடு அலைவது நம்மால் ஆகாது.

பொருத்தும் இடம் ரேடியேட்டருக்கு முன்புறம். வண்டியின் முகத்தில் நேர்க்காற்று படும் இடம் அதுதான். என்ஜினுக்கு மேலே வைத்தால் குழாய் மிச்சப்படும். ஆனால் ஏற்றத்தில் வண்டி ஊரும்போது கீழிருந்து வரும் என்ஜின் சூடே அதைச் சுட வைக்கும். முன்புறத்தில் வைக்கும்போதும் ஒரு விலை உண்டு. ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றை இன்டர்கூலர் சற்றுத் தடுக்கும். சற்றுச் சூடாக்கியும் அனுப்பும். ஆதலால் ரேடியேட்டரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து, விசிறி நன்றாகச் சுழல்கிறதா என்று பார்த்தபின் பொருத்த வேண்டும். இன்டர்கூலரின் பக்கங்களில் இடைவெளி இருந்தால், காற்று எளிய வழியாக அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தகரத்தாலோ ரப்பர்ப் பட்டையாலோ அந்த இடைவெளிகளை மறைத்துவிட்டால், பத்து ரூபாய்ச் சாமான் பெருமளவு பயன் தரும்.

குழாய்களுக்கு நம் அன்பர் இரண்டங்குல இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் செய்துகொண்டார். அலுமினியம் இலேசானது, இரும்பு மலிவானது. இரும்பேயானால் உட்புறத்தில் வெல்டிங் கசடும் துருவும் ஒட்டியிராதபடி தேய்த்துக் கழுவ வேண்டும். குழாயின் நுனியில் வெல்டிங்கால் ஒரு சிறு வரப்பு எழுப்ப வேண்டும். ஹோஸ் அதன்மேல் ஏறி நின்று, கிளாம்ப் அதற்குப் பின்னால் இறுக்கினால் அழுத்தத்தில் நழுவாது.

இங்கேதான் அன்பர் தவறு ஒன்று செய்தார். சிலிக்கான் ஹோஸின் விலையைக் கேட்டு மலைத்து, ரேடியேட்டருக்குப் போடும் சாதாரணத் தண்ணீர் ஹோஸை வாங்கிப் பொருத்தினார். முதல் பயணத்திலேயே, ஏற்றத்தின் நடுவில், துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை கேட்டது. ஹோஸ் சூட்டில் இளகி, அழுத்தம் தாங்காமல் பிய்ந்துவிட்டது. டர்போவின் காற்றெல்லாம் வெளியே போக, என்ஜின் வலுவிழந்து கரும்புகையைக் கக்கியது. அன்று மாலைவரை வண்டி மலையில் நின்றது. ஹோஸில் மிச்சம்பிடித்ததைப்போல் மூன்று பங்கு இழுவை வண்டிக்குக் கொடுத்தார். எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே கூடாது என்பதை அந்த மலை அவருக்குக் கற்பித்தது. இன்டர்கூலர் பழையதாக இருக்கலாம். குழாய் இரும்பாக இருக்கலாம். ஹோஸும் கிளாம்பும் புதியனவாகவும் அந்த வேலைக்கு உரியனவாகவுமே இருக்க வேண்டும்.

தக்க ஹோஸ் போட்டபின், எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரையைத் தடவி, குழாய்க்குள் அளவாகக் காற்று ஏற்றிக் கசிவைப் பார்த்தார்கள். ஓரிடத்தில் குமிழி வந்தது, இறுக்கினார்கள். மறுநாள் அதே சுமை, அதே ஏற்றம், ஏறத்தாழ அதே வெயில். கேஜைப் பார்த்துக்கொண்டே போனோம். 640 டிகிரிக்கு மேல் முள் ஏறவில்லை. எழுபது டிகிரி குறைந்திருந்தது. புகையும் மெலிந்தது. வண்டி முன்னிலும் விரைவாக ஓடியதா என்றால், சிறிதளவே. அன்பரின் முகத்தில் மகிழ்ச்சியும் கொஞ்சம் ஏமாற்றமும் கலந்து தெரிந்தன. இவ்வளவு பாடுபட்டும் லாரிகளை முந்த முடியவில்லையே என்பது அவர் எண்ணம்.

அந்த ஏமாற்றத்தைப் பட்டறையில் இருந்த மெக்கானிக் கண்டுகொண்டார். கெட்டவர் அல்லர், உதவும் எண்ணத்தோடுதான் கேட்டார். "தோடா டீசல் படா தூம்?" என்றார். கொஞ்சம் டீசலைக் கூட்டிவிடட்டுமா என்பது பொருள். டீசல் பம்பில் உள்ள ஒரு திருகாணியைச் சிறிது திருப்பினால் போதும். காசும் வேண்டாம் என்றார். அன்பருக்கு இந்தி ஓரளவே வரும். விலை பேசுவதற்கும் வழி கேட்பதற்கும் உதவும் இந்தி அது. என்ஜினைப் பற்றி வாதாடப் போதாது. தலையை அசைத்துவிட்டார்.

அடுத்த வாரம் மிகுந்த உற்சாகத்தோடு வந்தார். "அண்ணாச்சி, வண்டி பறக்கிறது! மூன்றாம் கியரிலேயே பாதி மலை ஏறிவிட்டேன்" என்றார்.

"கேஜ் என்ன காட்டியது?" என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்று தெரிந்தது. மறுநாள் மீண்டும் உடன் சென்றோம். பாதி மலையில் முள் 740 டிகிரியைத் தொட்டது. தண்ணீர்ச் சூட்டின் முள்ளும் வழக்கமான இடத்தை விட்டு மேலே நகர்ந்தது. பின்னால் பழைய கரும்புகை. இன்டர்கூலர் ஈட்டித் தந்த எழுபது டிகிரியும் போய், அதற்கு மேல் முப்பது டிகிரி கடனும் ஏறியிருந்தது. காலை எடுக்கச் சொல்லி, கியரைக் குறைத்து, மெல்ல மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்பர் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. லோணாவளாவில் தேநீர் குடிக்கும்போது, "கேஜ் இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது, அண்ணாச்சி" என்றார். அன்று மாலையே பட்டறைக்குச் சென்று திருகாணியைப் பழைய இடத்திற்குத் திருப்பச் செய்தார். முள் மீண்டும் 640-இல் நின்றது. அதன்பின் அவர் தலைக்கட்டைத் திறக்க நேரவில்லை.

இந்த வரலாற்றைக் கேட்டதும் எல்லா வண்டிக்கும் இன்டர்கூலர் வேண்டும் என்று நேயர்கள் முடிவு செய்துவிட வேண்டாம். சமவெளியில் இலேசான சுமையோடு ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இதனால் பெரும் பயன் இல்லை. எண்ணெய் தின்னும் தேய்ந்த என்ஜினுக்கும், அச்சு ஆடும் டர்போவுக்கும் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். இன்டர்கூலர் அவற்றைக் குணப்படுத்தாது. டீசல் செலவில் பெரிய மிச்சம் வரும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. 2017 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பாரத் நான்காம் தர விதிக்கும், 2020 ஏப்ரலில் வந்த ஆறாம் தர விதிக்கும் இணங்கிய டர்போ டீசல் வண்டிகளில் இன்டர்கூலர் பொதுவாகக் கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. அவற்றை வைத்திருப்போர் புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள அந்த என்ஜின்களில் கைவைக்கவும் கூடாது. ஹோஸ் வெடித்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, தகடுகளில் சேறு அப்பியிருக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறை பார்த்தால் போதும்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் கம்பெனி முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆகவே, பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவது நலம். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு, கையில் ஒரு காகிதம் இருப்பது பத்து வாக்குவாதங்களுக்குச் சமம். அன்றியும், இன்டர்கூலர் இருக்கிறதென்று அனுமதித்த எடைக்கு மேல் சுமையேற்றினால், தணிந்த சூடு மீண்டும் ஏறிவிடும். பிரேக்கும் அச்சும் டயரும் முன்போலவேதானே இருக்கின்றன!

பொருத்தியபின் ஓட்டும் முறையிலும் சிறு கவனம் வேண்டும். ஏற்றம் வருமுன்பே கியரைக் குறைத்து, என்ஜினைச் சற்று விரைவாகச் சுழலவிட வேண்டும். உயர்ந்த கியரில் மிதித்துத் திணறவிட்டால் சூடு ஏறும். மலையேறி முடிந்ததும் சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும். இல்லையேல் டர்போவின் அச்சில் நின்றுபோன எண்ணெய் அங்குள்ள சூட்டில் கரியாகிவிடும். மழைக்காலம் முடிந்ததும் தகடுகளில் படிந்த சேற்றை மெல்லிய நீர்த்தாரையால் கழுவ வேண்டும்; வேகமான தாரை தகடுகளை மடக்கிவிடும். இன்டர்கூலரின் அடியில் சிறிது எண்ணெய் ஈரம் காண்பது இயல்பு. கை நிறைய எண்ணெய் வந்தால் டர்போவைச் சோதிக்க வேண்டும்.

நேயர்களே, நம்மவர் பலர் ஊரை விட்டு வந்து, பாஷை தெரியாத பட்டறைகளில் தம் பிழைப்பின் ஆதாரத்தை ஒப்படைத்துவிட்டு நிற்கிறார்கள். சொல்லத் தெரியாததால் சம்மதித்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நம் அன்பர் பின்னொரு நாளில் இந்தியில் ஒரு வாக்கியத்தை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டார். எந்தப் பட்டறைக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்கியதும் அதைத்தான் முதலில் சொல்கிறாராம். "பாயி சாஹப், டீசல் மத் படாயியே" என்பது அது. ஐயா, டீசலைக் கூட்ட வேண்டாம் என்பது பொருள். மலிவான இன்டர்கூலர் ஒன்றைத் தேடிப் புறப்படும் நேயர்கள், இந்த ஒரு வாக்கியத்தையும் தாம் வாழும் மாநிலத்து மொழியில் கற்றுக்கொண்டு புறப்படுவார்களாக.